முன் பிரேக் சூடேறினால் எங்கே தேடுவது?

முன் பிரேக் சூடாகிறது என்று பிக்அப்பை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் முதலில் மாறுவது பேட். அடுத்த வாரமும் அதே கருகல் வாடை வந்தால் டிஸ்க் மாறும். அதற்கும் அடங்காவிட்டால் காலிப்பர். மூன்றும் புதிதான பிறகும் சக்கரம் கொதித்தால், "இந்த வண்டியே இப்படித்தாண்ணே" என்ற பதில் வரும்.

பேடும் டிஸ்க்கும் சூடு தென்படுகிற இடங்கள். கோளாறு ஆயில் போகும் வழியில் எங்காவது இருக்கலாம். எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இருக்கலாம். வண்டியின் பின்பக்கத்திலும் இருக்கலாம். ஸ்பேனரை எடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் ஓட்டினாலும் சூடாகிறதா? ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? இந்தப் பதில்கள் கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஆயில் பிரேக், வாக்குவம் பூஸ்டர் என்ற அமைப்புள்ள பிக்அப்களை வைத்தே இதைச் சொல்கிறேன். காய்கறிச் சந்தைக்கும் கோழிப்பண்ணைக்கும் நம்மூரில் ஓடுகிற பொலிரோ பிக்அப், தோஸ்த் போன்ற வண்டிகள் இந்த வகைதான்.

எவ்வளவு சூடு சகஜம்?

சூடாவதுதான் பிரேக்கின் தொழிலே. ஓடுகிற வண்டியின் வேகத்தை உராய்வால் வெப்பமாக்கிக் காற்றில் விடுவதற்குத்தான் அந்த இரும்புத் தட்டை வைத்திருக்கிறார்கள். லோடோடு சேர்த்து 2,500 கிலோ இருக்கும் வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால், ஏறத்தாழ 3.5 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அதில் பாதிக்கும் மேல் முன் டிஸ்க்குகளுக்குத்தான் போகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்கு எப்போதும் வேலை அதிகம்.

மலைச்சாலையில் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குள். கேரட் மூட்டையோடு அதே 2,500 கிலோ வண்டி கீழே வந்து சேர்வதற்குள் சுமார் 1,900 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கம் தருகிற ஆற்றல் நாலரைக் கோடி ஜூலுக்கு மேல். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 130 தடவைக்கு மேல் நிறுத்தியதற்குச் சமம். இதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும்; மீதி பிரேக்குக்கு. எந்தக் கோளாறும் இல்லாத வண்டியும் அடிவாரத்தில் கல்லார் தாண்டி நிற்கும்போது சூடாகத்தான் இருக்கும், லேசாக வாடையும் அடிக்கலாம். புது பேட் போட்ட முதல் சில நாட்களில் வரும் வாடையும் அப்படித்தான். பேடில் உள்ள பசை எரிந்து அடங்கும்.

சமதளச் சாலையில், லோடு இல்லாமல், அதிகம் மிதிக்காமலே சூடாவதுதான் சந்தேகத்துக்குரியது. ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாகக் கூடுதலாகச் சுடுவதும், பிரேக்கை விட்ட பிறகும் வண்டி உருளத் தயங்குவதும், ஓட ஓட பெடல் மேலே ஏறிக் கெட்டியாவதும் இதே வகையில் சேரும். புகை வந்தால் கேள்வியே இல்லை. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் அது ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது.

மிதிக்காமல் ஓட்டிப் பாருங்கள்

வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த சமமான சாலையில் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். அவசரம் என்றால் ஒழிய பிரேக் வேண்டாம். கியரைக் குறைத்தே வேகத்தை இறக்குங்கள். கடைசியில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து நில்லுங்கள். பெரும்பாலான பிக்அப்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், முன்னால் தொடாது.

இறங்கி இரண்டு முன் சக்கரங்களையும் ஒப்பிடுங்கள். துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது எலெக்ட்ரிக்கல் கடைகளில்கூடக் கிடைக்கிறது. அது காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது, பளபளக்கும் உலோகத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஆனால் இரு பக்கமும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அந்த வித்தியாசம்தான். கருவி இல்லாவிட்டால் ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். டிஸ்க்கைக் கையால் தொடுகிற பழக்கம் வேண்டாம்; தோல் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

மிதிக்காமலே சூடாகியிருந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்குகள் பைண்டிங் என்றும் ஜாம் என்றும் சொல்வது இதைத்தான். இரண்டும் ஆறியே இருந்தால் பிரேக் ஒழுங்காக விடுகிறது. மிதிக்கும்போதுதான் கூடுதல் வேலை அதன் தலையில் விழுகிறது. இந்த இரண்டாவது வகையைப் பலர் யோசிப்பதே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சூடு சக்கரத்தின் நடுவில், ஹப்பில், மையம் கொண்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். டிஸ்க்கின் ஓரத்தைவிட ஹப் அதிகம் சுட்டால் அது பேரிங். அண்மையில் கிரீஸ் மாற்றி நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் இப்படி ஆகும். கிரீஸ் வற்றித் தேய்ந்த பேரிங்கும் சுடும், அது கூடவே உறுமும். பிரேக்கைப் பிரிப்பதற்கு முன் இதை ஒதுக்கிவிடுவது நல்லது.

பேட் எப்படி விலகுகிறது?

டிரம் பிரேக்கில் லைனரைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனை இழுக்க அப்படி எதுவும் கிடையாது. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர விளிம்பு ரப்பர் சீல் இருக்கிறது. ஆயில் அழுத்தி பிஸ்டன் முன்னே போகும்போது அந்த ரப்பர் அதைப் பிடித்தபடி லேசாக முறுகும். மேசையில் அழுத்திய அழிரப்பர் சாய்வது போல. அழுத்தம் போனதும் ரப்பர் நிமிர்ந்து பிஸ்டனைக் கூடவே இழுத்துக்கொள்ளும். இழுக்கிற தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அந்த மயிரிழை இடைவெளியில்தான் டிஸ்க் சுதந்திரமாகச் சுற்றுகிறது.

அந்த மயிரிழை கிடைக்க மூன்று நடக்க வேண்டும். ஆயில் அழுத்தம் முழுவதுமாக இறங்க வேண்டும், பிஸ்டன் தடையின்றி நகர வேண்டும், காலிப்பரும் பேடும் தங்கள் தடத்தில் வழுக்கிப் போக வேண்டும். இவற்றில் எது தவறினாலும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். முதலாவது ஆயில் வழிக் கோளாறு, மற்ற இரண்டும் இரும்பில் உள்ள கோளாறு. இவற்றைப் பிரித்துக் காட்ட, காலிப்பரில் ஏர் எடுக்கத் திறக்கும் ஒரே ஒரு நிப்பிள் போதும்.

நிப்பிளைத் திறந்தால் தெரியும்

இந்தச் சோதனையைச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். ஆறினால் பல வண்டிகளில் பிரேக் தானாக விட்டுவிடும், பிறகு எதுவும் தெரியாது. "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று மெக்கானிக் வண்டியைத் திருப்பித் தருவதும் இதனால்தான்.

சமமான தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அருகில் குனியக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சூடான பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் ஆபத்து, பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். பிரேக்கை நாலைந்து முறை அழுத்தி விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் சகஜம். இரண்டு கையாலும் மல்லுக்கட்டினால்தான் சுற்றும் என்றால் பிடிக்கிறது.

இப்போது அந்தக் காலிப்பரின் நிப்பிளில் ஒரு ட்யூபை மாட்டி, அரைச் சுற்றுத் திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரமும் உடனே விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்திருக்கிறது. கோளாறு காலிப்பரில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. ஆயில் சொட்டியும் சக்கரம் விடவில்லை என்றால் அழுத்தம் காரணமல்ல. பிஸ்டனோ, காலிப்பர் வழுக்கும் பின்னோ, பேடோ துருவில் மாட்டியிருக்கிறது. நிப்பிளைத் திறக்காமல் காலிப்பரை மாற்றச் சொல்லும் பட்டறையில் நான் வண்டியை விடமாட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் பிடித்தால்

நிப்பிளைத் திறந்ததும் விட்ட, ஒரு பக்கம் மட்டும் சுடுகிற வண்டியில் முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ். வெளியே புதிதுபோல் இருக்கும். உள்ளே அடுக்கு ஊதியோ கிழிந்தோ வழியைக் குறுக்கியிருக்கும். மிதிக்கும்போது கால் தருகிற அழுத்தம் பெரிது, அதனால் ஆயில் முட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். விடும்போது திரும்பத் தள்ளுவது அந்தச் சின்ன ரப்பர் சீல் மட்டும்தான். அதற்கு அந்த வலு கிடையாது. போவதற்குத் திறந்து, வருவதற்கு மூடிக்கொள்ளும் வால்வாக ஹோஸ் மாறிவிடுகிறது. உறுதிசெய்ய, ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இணைப்பை லேசாகத் தளர்த்துங்கள். அங்கே திறந்தும் சக்கரம் விடாமல், நிப்பிளைத் திறந்தால் விட்டால், குறை இடையில் உள்ள ஹோஸில்தான்.

சில வண்டிகளில் ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்பு கிளாம்புக்குள் துரு வளர்ந்து, வெளியிலிருந்தே ஹோஸை நெரிக்கும். கிளாம்பை விரித்துத் துருவைச் சுரண்டினால் தற்காலிகமாக விடும், ஆனாலும் ஹோஸை மாற்றிவிடுங்கள். ஹோஸ் கெட ஒரு காரணம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கிறது. பேட் மாற்றும்போது கழற்றிய காலிப்பரை ஹோஸிலேயே தொங்க விடுகிறார்கள். அத்தனை எடையை அது தாங்கச் செய்ததல்ல. ஒரு துண்டுக் கம்பியால் ஸ்பிரிங்கிலோ ஆர்மிலோ கட்டிவைக்க அரை நிமிடம் ஆகாது.

நிப்பிள் திறந்தும் விடவில்லையா? காலிப்பரைக் கழற்றி பேடுகளைப் பாருங்கள், தேய்மானம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். பிஸ்டன் பக்கத்து உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை. வெளிப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் வழுக்கும் பின்கள் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் மாட்டியிருக்கும். பின் இறுகுவதில் சில வண்டிகளில் உள் பேடும் தேயும். ஆகவே பேடை வைத்து ஊகித்துவிட்டு, பின்னையும் பிஸ்டனையும் கையால் நகர்த்தி முடிவு செய்யுங்கள்.

பின்களை வெளியே எடுத்துப் பழைய கிரீஸைத் துடைத்து, பள்ளம் விழாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹப்புக்குப் போடும் சாதாரண கிரீஸை இங்கே தடவுவது பெரிய தவறு. அது சூட்டில் உருகும், பெட்ரோலிய எண்ணெய் பட்டு ரப்பர் பூட் ஊதும், ஊதிய ரப்பர் பின்னை மீண்டும் இறுக்கும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் போதும். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒரே மாதிரி தெரிந்தாலும் சில வண்டிகளில் ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கும். மாற்றிப் போட்டால் அதுவே அடுத்த ஜாமுக்குக் காரணம்.

பிஸ்டனை நிப்பிள் திறந்தபடி கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். சீராகப் போகவேண்டும். டஸ்ட் பூட் கிழிந்து தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனில் துருப்புள்ளிகள் இருக்கும். கிட் வாங்கி ரப்பரை மட்டும் மாற்றி, புள்ளி விழுந்த பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்துப் போடுவது சிக்கனமாகத் தெரியும். அந்தக் கீறல் புது சீலையும் கெடுத்துவிடும். புள்ளி விழுந்த பிஸ்டன் மாற்ற வேண்டிய பிஸ்டன்.

பிஸ்டனும் பின்னும் சரி என்றால் மிஞ்சுவது பேடின் காதுகள் உட்காரும் பிராக்கெட். அங்கே இருக்கும் எஃகுத் தகட்டுக்கு அடியில் துரு தடித்து, தகட்டைத் தூக்கி, பேடை இறுக்கிப் பிடிக்கும். மழைக்காலத்தில் சேற்றில் ஓடும் வண்டிகளுக்கும் உப்பு, மீன் ஏற்றும் வண்டிகளுக்கும் இது சீக்கிரம் வரும். தகட்டைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பேட் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் பேட், மிதித்தால் போகும், விட்டால் வராது. பிரேக் தூசியை வாயாலோ கம்ப்ரஸர் காற்றாலோ ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இரண்டு பக்கமும் பிடித்தால்

இரண்டு ஹோஸும், இரண்டு காலிப்பரும் ஒரே வாரத்தில் கெடுவது அரிது. இரண்டு பக்கமும் சேர்ந்து சுட்டால் மேலே போங்கள், மாஸ்டர் சிலிண்டருக்கு.

மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் டப்பாவிலிருந்து உள்ளே இறங்க ஒரு சின்னத் துளை உண்டு. பெடலை முழுதாக விட்டதும் உள்ளே இருக்கும் ரப்பர் கப் அந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். கப் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டால் துளை மூடிக்கொள்ளும். விரிகிற ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் அது பிஸ்டனைத் தள்ளும், பேட் உரசும், உரசலில் ஆயில் இன்னும் சூடாகி இன்னும் விரியும். அடையாளம் தெளிவானது. புறப்படும்போது வண்டி நன்றாக இருக்கும், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பெடல் கெட்டியாகும், வண்டி இழுக்காது, கடைசியில் நின்றேவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும்.

கப் ஏன் முன்னால் நிற்கிறது? மாஸ்டர் சிலிண்டரோ பூஸ்டரோ அண்மையில் மாற்றியிருந்தால் இடையில் உள்ள புஷ் ராடின் நீளம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பிரேக் லைட் சுவிட்சைச் சரியாகப் பொருத்தாமல் அதுவே பெடலை அழுத்திக்கொண்டிருக்கலாம். பெடல் அச்சில் துரு, தளர்ந்த ஸ்பிரிங், பெடலுக்கடியில் சுருண்ட மேட் என்று அற்பமான காரணங்களும் உண்டு. இவற்றைக் காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். கால் எடுத்த பிறகும் பின்னால் பிரேக் லைட் எரிந்தால் பெடல் முழுதாகத் திரும்பவில்லை என்று சந்தேகிக்கலாம்.

சக்கரம் பிடித்திருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு இணைக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே இழுங்கள். சக்கரம் விட்டால் குறை புஷ் ராடு, பூஸ்டர், பெடல் பக்கம். விடாவிட்டால் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். இப்போது விட்டால் சிலிண்டருக்குள்ளேயே துளை அழுக்கில் அடைந்திருக்கிறது அல்லது கப் ஊதியிருக்கிறது. முன் சக்கரங்களுக்கு ஒரு ஆயில் வழி, பின் சக்கரங்களுக்கு வேறு வழி என்று பிரித்திருக்கும் வண்டியில், நாலு சக்கரமும் பிடித்தால் பெடல் பக்கம் பாருங்கள். முன் இரண்டு மட்டும் என்றால் சிலிண்டருக்குள் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் பிடித்து, அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்து வாக்குவத்தைக் காலி செய்ததும் விட்டால், பூஸ்டரின் வால்வு சிக்கியிருக்கிறது.

ரப்பர் கப் ஊதியிருந்தால் யாரோ தப்பான ஆயில் ஊற்றியிருக்க வாய்ப்புண்டு. பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலே பிரேக் ரப்பர்கள் எல்லாம் ஊதும். டப்பாவிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். நாம் வழக்கமாக ஊற்றும் பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். எண்ணெயாக மிதந்தால் வெறும் ஃப்ளஷ் போதாது. மாஸ்டர் சிலிண்டர் கப், காலிப்பர் சீல், ஹோஸ், பின் வீல் சிலிண்டர் கப் என்று ஆயில் தொட்ட ரப்பர் எல்லாம் மாற வேண்டும்.

சூடாகாத சக்கரத்தையும் சந்தேகப்படுங்கள்

மிதிக்காமல் ஓட்டியபோது இரண்டும் ஆறியிருந்தன. சந்தைக்குப் போய் வந்தால் வலது பக்கம் மட்டும் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலது காலிப்பரைப் பிரிக்கத் தோன்றும். ஆனால் இடது காலிப்பர் துருப்பிடித்து வேலையே செய்யாமல் இருக்கலாம், இரண்டு பேர் வேலையை வலது ஒன்றே செய்துகொண்டிருக்கலாம். சுடுகிற சக்கரம் ஆரோக்கியமானது, நோய் ஆறியிருக்கும் சக்கரத்தில். பிரேக் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். வேலை செய்கிற பக்கம்தான் இழுக்கும். மிதிக்காதபோதும் ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் ஜாம்.

இரண்டு முன் சக்கரமும் மிதிக்கும்போது மட்டும் சுட்டால் பின்னால் போய்ப் பாருங்கள். பின் லைனர் தேய்ந்து அட்ஜஸ்ட் இல்லாமல் கிடந்தாலும், வீல் சிலிண்டர் ஒழுகி லைனர் நனைந்திருந்தாலும், மொத்தச் சுமையும் முன்னால் வந்துவிடும். பிக்அப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பல வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் ஒரு கம்பியோடு இணைந்த வால்வு உண்டு. காலி வண்டியில் பின் சக்கரம் வழுக்காமலிருக்க அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும். லோடு ஏறி சேஸிஸ் கீழே தாழ்ந்தால் அழுத்தத்தைக் கூட்டும். அந்த வால்வுக்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். கூடுதல் லோடுக்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை சேர்க்கிறோம். வண்டி தாழ்வதில்லை. லோடு ஏறியும் வண்டி காலி என்றே வால்வு நினைத்து, பின் பிரேக்கைக் கட்டிப்போடுகிறது. பட்டை சேர்த்தபின் முன் பேட் சீக்கிரம் தேய்கிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அந்தக் கம்பி துருவேறி இறுகியிருந்தாலும் இதே விளைவுதான். அதைக் கழற்றி எறிவது பரிகாரமல்ல. தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும், அதிக லோடையும் குறைக்க வேண்டும்.

மலையில்

சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல்மாதிரி கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்காவிட்டால் பேட் சூட்டில் பிடிப்பிழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரைவரை போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான். பாதி ஊற்றிவிட்டு மூடி தளர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டிலும் இதே ஈரத்தைத்தான் குடித்திருக்கும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது சரியான அறிவுரை. கல்லட்டியின் 36 வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கில் காலைத் தேய்த்துக்கொண்டே வராமல், நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, மீண்டும் அழுத்துங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இன்ஜினை அணைத்து இறங்குவது தற்கொலைக்குச் சமம்: இன்ஜின் பிரேக் போய்விடும், சில மிதிகளில் பூஸ்டர் வாக்குவமும் தீர்ந்துவிடும்.

வழியில் புகை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சுடுகிற டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்திருந்தால் அங்கே பேடின் பொருள் படிந்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடும். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். டயரின் பக்கவாட்டுக்கு எதிரே நிற்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். தீ பற்றினால் பவுடர் அணைப்பான் உதவும்.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது, பேடும் ஹோஸும் இரண்டு பக்கமும் ஜோடியாக மாறினவா என்று கேளுங்கள். ஏர் எடுத்த பிறகு பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு முதலில் ஓட்டிய அதே சாலையில், அதே மாதிரி மிதிக்காமல் ஒரு சுற்று, வழக்கம்போல மிதித்து ஒரு சுற்று ஓட்டி, நாலு சக்கரத்தையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.